புதுப்பிப்பு: ஒருவழியாக முட்டையிட்டுவிட்டாள்

எங்கள் ஏமன் பச்சோந்தி தீனியை ஒதுக்கிவிட்டுக் கூண்டின் தரையிலேயே அலைகிறாள் என்று போன வாரம் புலம்பியிருந்தேன். ஆண் துணை இல்லாமலும் இந்த இனம் முட்டையிடும் என்றீர்கள், அதேதான்.

முட்டையிட முதலில் வைத்த மணல் தொட்டி வீண். ஆழம் போதவில்லை, உலர்ந்த மணல் சரிந்துகொண்டே இருந்தது. பிறகு பெரிய வாளியில் ஓர் அடி உயரத்துக்குக் கழுவிய மணலை நிரப்பி, விரலால் துளையிட்டால் இடியாமல் நிற்கும் அளவுக்கு நனைத்தேன். கூண்டைச் சுற்றித் துணி. தோண்டும்போது ஆள் கண்ணில் பட்டால் பாதியில் விட்டுவிடக்கூடும். முட்டை வயிற்றிலேயே தங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் நாள் வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மறுநாள் குழியை மூடி மிதித்துவிட்டு, உடம்பெல்லாம் மணலோடு கிளையேறினாள். எண்ணினேன்: 34. கருவுறாதவை, அதனால் அடைவைக்கும் வேலை எனக்கு இல்லை. இப்போது விடாமல் தண்ணீர் குடிக்கிறாள்.