பெனிடோர்முக்குப் பக்கத்தில் கூட்டமில்லாத ஊர் ஏதாவது உண்டா?

மாடிப்படி:
மார்ச் கடைசியில் 10 நாள் ஸ்பெயின் கடற்கரை ஊரான பெனிடோர்மில் தங்குகிறோம். அறை மலிவாகக் கிடைத்ததே என்று எடுத்துவிட்டேன். இப்போது படங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. கடற்கரை நெடுக அடுக்குமாடிகள், அதில் 186 மீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டல் வேறு. கூட அம்மா வருகிறார். வயது 68, முழங்கால் வலி. அவருக்கு ஒரு கல் பெஞ்சும், வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் நாலு பேரும் இருந்தால் போதும். வாடகைக் கார் எடுப்பேன், மலைப்பாதை பழக்கம்தான். பக்கத்து மலையூர் குவாதலெஸ்த் போகச் சொல்கிறார்கள். போகலாமா?

மிளகுரசம்:
பாறை உச்சியில் கோட்டை, கீழே பச்சையாக அணைத் தண்ணீர். அழகுதான். ஆனால் 11 மணிக்கு மேல் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். தோல்பைக் கடைக்கும் காந்தப் பொம்மைக் கடைக்கும் நடுவில் அம்மாவைத் தேட வேண்டியிருக்கும்.

வெயில்காயும்பூனை:
பக்கத்து நகரமான அலிகாந்தேயில் 6 வருடமாக இருக்கிறேன், ஞாயிறு வந்தால் மலைக்கு ஓடிவிடுவேன். குவாதலெஸ்துக்குப் பதில் தார்பெனா போங்கள். கல்யோசா ஊரைத் தாண்டியதும் மலைச்சரிவெல்லாம் வலை போர்த்தியிருக்கும், உள்ளே லோக்வாட் பழத்தோட்டம். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறினால் தார்பெனா. 700 பேர்கூடத் தேறாது. 1609-இல் இந்தப் பக்கத்து மொரிஸ்கோக்களை, அதாவது மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களை, நாட்டைவிட்டே துரத்தினார்கள். காலியான வீடுகளில் மயோர்கா தீவிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். இன்றைக்கும் இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் தீவின் வாடை இருக்கிறது. ஆங்கில 'the' மாதிரி பெயருக்கு முன்னால் வரும் சொல்லாக, சுற்றுவட்டாரம் 'எல், லா' என்னும் இடத்தில் இவர்கள் 'எஸ், சா' என்பார்கள். சொப்ரசாதா என்ற தொத்திறைச்சியும் தீவிலிருந்து வந்ததுதான். பன்றி இறைச்சி, அம்மா சைவம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் கயினேரா பள்ளத்தாக்கு. அங்கே போக எடுக்கும் ஏபி-7 நெடுஞ்சாலையில் 2020 முதல் இந்தப் பகுதியில் சுங்கம் இல்லை. ஒரே சாலையில் கோத்த மாதிரி 8 குட்டி ஊர்கள்: பெனிராமா, பெனியாலி, பெனிசிவா என்று பாதிக்கு மேல் 'பெனி'. அரபியில் இன்னாரின் பிள்ளைகள் என்று பொருள், பெனிடோர்மில் இருப்பதும் அதே பெனிதான் என்கிறார்கள். நீங்கள் வரும்போது செர்ரி மரங்கள் பூத்திருக்கலாம். 2022 ஆகஸ்டில் பக்கத்து எபோ பள்ளத்தாக்கில் மின்னல் விழுந்து பிடித்த தீ இங்கேயும் வந்தது. சில சரிவுகள் மொட்டையாக இருந்தால் திகைக்காதீர்கள்.

நேரம்தான் முக்கியம். முதல் தடவை நான் ஒரு திங்கட்கிழமை மதியம் நாலு மணிக்குப் போய் நின்றேன். பார் மூடல், ரொட்டிக்கடை மூடல், நாய்கூடத் தூக்கத்தில். மனைவியும் நானும் காரில் கிடந்த ரஸ்க்கைத் தின்றுவிட்டுத் திரும்பினோம், வழியெல்லாம் பேச்சுவார்த்தை இல்லை. காலை 10 மணிக்குப் போங்கள். அது அல்முவெர்சோ, அதாவது முற்பகல் சாப்பாட்டு நேரம். தோட்ட வேலை பார்த்தவர்கள் பெரிய ரொட்டிக்குள் முட்டை-உருளைக்கிழங்கு அடையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கத்திப் பேசுவார்கள். அமைதி எங்கே என்று கேட்காதீர்கள், ஊர் அப்போதுதான் ஊராக இருக்கும்.

காரை ஊர் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே போன என் கண்ணாடி சுவரில் உரசிவிட்டது. ஒரு தாத்தா ஜன்னலில் நின்று கையாட்டி, பின்னாலேயே எடுக்க வைத்தார்.

தனிநடை:
ஃபிளெய்ஷ் என்ற மலையூருக்குப் போகாமல் வந்துவிடாதீர்கள். அங்கிருந்து இன்ஃபெர்ன் பள்ளத்தில் இறங்கும் கல்படிகள், மலையிலேயே கட்டியது, அப்படி ஒரு நடை!

வெயில்காயும்பூனை:
தனிநடை, அந்தப் படிகள் ஆறாயிரத்துக்கு மேல். கேட்டவர் அம்மாவுக்கு முழங்கால் வலி. வேண்டுமானால் நடை தொடங்கும் இடத்தில் இருக்கிற பழைய துணி துவைக்கும் தொட்டியருகே உட்காரலாம். தண்ணீர்ச் சத்தம் நன்றாக இருக்கும்.

மிளகுரசம்:
கார் ஓட்ட அலுப்பான நாளில் டிராம் பிடித்து வியாஹோயோசா போங்கள். சின்ன நகரம்தான், கிராமம் இல்லை. ஆனால் ஆற்றோரம் மஞ்சளும் நீலமுமாக வீடுகள், சாக்லேட் செய்கிற ஊர் வேறு.

மாடிப்படி:
போய் வந்தாயிற்று. தார்பெனாவில் 10 மணிக்குப் பாரில் உட்கார்ந்தோம், ரொட்டியும் தக்காளியும். பக்கத்து மேசைப் பாட்டி அம்மாவின் முழங்காலைக் காட்டி என்னவோ கேட்டார். அம்மா தமிழில் பதில் சொன்னார். அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் கயினேராவுக்குக் கிளம்பலாம் என்றால், அந்தப் பாட்டி எத்தனை மணிக்கு வருவார் என்று அம்மா கேட்கிறார்.