அன்இன்ஸ்டால் பண்ணியும் போகாத ஸ்கின் சாப்ட்வேர்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வீட்டு_எடிட்டர்:
போட்டோஷாப்ல சேர்த்துக்கிட்டு முகத்தை வழுவழுன்னு ஆக்குற ப்ளக்இன், எதுன்னு உங்களுக்கே தெரியும், பேர் வேண்டாம். போன மாசம் அப்பத்தா தவறிட்டாங்க. பதினாறாம் நாளுக்குப் படம் வேணும்னு என் தலையில கட்டினாங்க. ஒரு கல்யாண வீட்டுல எடுத்த படம்தான் இருந்துச்சு, முகத்துல பாதிக்கு வெயில். ப்ளக்இன்னை ஆட்டோமேட்டிக்ல ஓடவிட்டேன், சேவ் பண்ணேன், 12க்கு 18 பிரிண்ட், பிரேம்.

மாலை போடப் போன பெரியத்தை கையில மாலையோட அப்படியே நின்னுட்டாங்க. "பூவும் பொட்டுமா போனவளுக்கு எவன்டா மூக்குத்தியக் கழட்டுனது?" போய்ப் பாத்தா, ஒத்தைக்கல் இருந்த இடம் வழுவழுன்னு இருக்கு. பருன்னு நெனச்சு அழிச்சிருக்கு. கூடம் முழுக்க ஆளுங்க. எனக்கு எங்க பாக்குறதுன்னே தெரியல.

அன்னிக்கு ராத்திரியே அந்த ப்ளக்இன்னைத் தூக்க உக்காந்தேன். "புரோகிராம் ஓடிட்டிருக்கு, மூடிட்டு வா"ங்குது. நான் எதையும் திறக்கவே இல்ல! டாஸ்க் மேனேஜர்ல அப்டேட் பாக்குறதுன்னு ஒண்ணு உக்காந்திருக்கு, எண்ட் டாஸ்க் குடுத்தா ரெண்டு செகண்ட்ல திரும்ப வருது. சர்வீசஸ்ல போய் நிறுத்துன பிறகுதான் அன்இன்ஸ்டால் ஓடிச்சு. இப்பவும் போட்டோஷாப் பில்டர் மெனுவுல அதோட பேர் அப்படியே நிக்குது.

ஆல்பம்_அண்ணாச்சி:
தம்பி, வருத்தமான விஷயம்தான். ஆனா பழியை சாப்ட்வேர் மேல போடாதீங்க. அதுக்கு மச்சம், பரு, மூக்குத்தி எல்லாம் ஒரே புள்ளி. நாங்க படத்தோட லேயரை நகல் எடுத்து அந்த நகல்லதான் ஓடவிடுவோம். அப்புறம் மாஸ்க் போட்டு, அதாவது நகலை அங்கங்க மறைச்சு, கண்ணு, உதடு, பொட்டு, மூக்குத்தி ஒவ்வொண்ணா திரும்ப எடுப்போம். நீங்க ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணியிருப்பீங்க, சரிதானே?

மெனுவுல நிக்கிறது 8பிஎஃப்னு முடியற பைல். போட்டோஷாப்பை மூடிட்டு அதோட ப்ளக்-இன்ஸ் போல்டர்ல பாருங்க. இல்லேன்னா புரோகிராம் பைல்ஸ், காமன் பைல்ஸ், அடோபி, ப்ளக்-இன்ஸ், சிசின்னு போங்க. அன்இன்ஸ்டாலர் இந்த ரெண்டாவது இடத்தை மறந்துட்டுப் போறதை நானே பாத்திருக்கேன்.

கோவை_பிக்சல்:
என் கதை வேற, சொல்லவே வெக்கமா இருக்கு. முதல்ல க்ராக் போட்டு, அதாவது காசு குடுக்காம பூட்டை உடைச்சு ஓட்டினேன். மனசு உறுத்தி காசு குடுத்து வாங்கினா ஆக்டிவேட் ஆகல. நாலு தடவை அழிச்சு அழிச்சு ஏத்தினேன். கடைசில பாத்தா, எந்த சர்வர் பேருக்கு எந்த அட்ரஸ்னு விண்டோஸ் பாக்குற ஹோஸ்ட்ஸ் பைல்ல அந்த க்ராக் ஆறு வரி எழுதி வச்சிருக்கு. ஆக்டிவேஷன் சர்வரைக் கூப்பிட்டா 127.0.0.1, அதாவது என் கம்ப்யூட்டருக்கே திரும்பி வருது. என் வீட்டுக் கதவை நானே தட்டிட்டு ஆள் இல்லேன்னு திட்டியிருக்கேன். நோட்பேடை அட்மினா திறந்து அந்த ஆறு வரியை அழிச்சேன், உடனே ஆக்டிவேட் ஆச்சு.

ரெஜிஸ்ட்ரி_ராஜா:
எனக்கும் இப்படி ஒண்ணு ஆச்சு, சி டிரைவ் நிரம்பி சிவப்பாயிடுச்சு. அது கிடக்கட்டும், எல்லாரும் தப்பான வரிசையில பண்றீங்க. முதல்ல சாப்ட்வேருக்குள்ளயே போய் லைசென்ஸை டீஆக்டிவேட் பண்ணணும். ரெண்டு கம்ப்யூட்டர்ல மட்டும் போடலாம்னு கணக்கு இருக்கிற லைசென்ஸ்ல இதை விட்டுட்டா ஒரு கணக்கு போச்சு. அடுத்து நீங்களே செஞ்சு சேவ் பண்ண செட்டிங்ஸை, அதாவது ப்ரீசெட்டை, வேற டிரைவ்ல எடுத்து வைங்க. அப்புறம் ஏதாவது கெட்டா விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப ரீஸ்டோர் பாயிண்ட். அப்புறம்தான் அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட். ரன்ல ஆப்டேட்டான்னு சதவீதக் குறிக்கு நடுவுல அடிச்சா ரோமிங் போல்டர் திறக்கும், பக்கத்துல லோக்கல், சி டிரைவ்ல மறைஞ்சிருக்கிற புரோகிராம்டேட்டா, மூணுலயும் கம்பெனி பேர்ல கிடக்கிறதை அழிங்க. என்னோட சி டிரைவை அடைச்சது லோக்கல்ல இருந்த கேஷ், அதாவது தற்காலிக பைல்கள்தான். டாஸ்க் ஷெட்யூலர்ல அப்டேட் வேலை ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. விண்டோஸோட செட்டிங்ஸ் இருக்கிற ரெஜிஸ்ட்ரில கை வைக்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு நகல் எடுத்துக்கோங்க. இதுக்கெல்லாம் மசியலேன்னா, விண்டோஸ் முக்கியமானதை மட்டும் வச்சு எழும்புற சேஃப் மோடுல போய் அன்இன்ஸ்டால் பண்ணுங்க.

சும்மா_வந்தவன்:
ராஜா அண்ணே, கடைசி வரி தப்பு. எம்எஸ்ஐல, அதாவது விண்டோஸ் இன்ஸ்டாலர் பைலா வந்த சாப்ட்வேரை சேஃப் மோடுல சாதாரணமா எடுக்க முடியாது, விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் அங்க தானா எழுந்திருக்காது. நான் அரை நாள் வீணாக்கினவன். சேஃப் மோடு, பிடிவாதமா நிக்கிற போல்டரை அழிக்க உதவும், அவ்வளவுதான்.

ரெஜிஸ்ட்ரி_ராஜா:
எனக்கு நடந்துச்சே!

சும்மா_வந்தவன்:
அது எம்எஸ்ஐயா இருந்திருக்காது.

வீட்டு_எடிட்டர்:
சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. அண்ணாச்சி சொன்ன ரெண்டாவது இடத்துலதான் இருந்துச்சு. அழிச்சேன், மெனுவுல பேர் போயிடுச்சு. ஆமா அண்ணாச்சி, ஒரிஜினல் மேலதான் சேவ் பண்ணியிருந்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்த தம்பிகிட்ட கேட்டேன், நல்லவேளை அவன் கார்டை இன்னும் அழிக்கல. சுருக்கம், வெயில் எதையும் தொடாம பிரிண்ட் போட்டுட்டேன். பெரியத்தை வந்து மூக்குப் பக்கம் விரலால தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போனாங்க. பழைய பிரிண்ட் பீரோவுக்குப் பின்னாடி திருப்பி வச்சபடி நிக்குது. கிழிச்சுப் போட மனசு வரல.