1 ஜிபி ராஸ்பெரி பையில் பிள்ளைகளுக்கு எந்த நிரல்மொழி?

மாலைவகுப்பு:
எங்கள் ஊர் நூலகத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். நன்கொடையாக வந்த ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினிகள் நாலு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 1 ஜிபி ரேம். திரைக்குப் பழைய டிவி. நெட் கிடையாது. கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் 3 திறக்கவே நேரமாகிறது, நாலு உருவம் சேர்த்தால் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் பென்டிரைவில் நகலெடுத்துப் போக வேண்டும், அதனால் கட்டற்ற மொழிதான் வேண்டும். எதில் தொடங்கலாம்?

சிபயணி:
நேராக சி மொழியில் ஆரம்பியுங்கள் சார். அதை ஓடவைக்கும் ஜிசிசி கம்பைலர் இலவசம், ரேமும் அதிகம் கேட்காது. கல்லூரியில் எப்படியும் அதுதான் வரும்.

பழைய_ஆமை:
சார், சி இப்போது வேண்டாம். ரேம் கணக்கு சரிதான். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளை திரையில் ஒரு கோடு பார்ப்பதற்குள் சோர்ந்துவிடும்.

உங்கள் பையில் கோளாறு இல்லை. ஸ்கிராட்ச் 3 தன்னோடு குரோமியம் என்ற ஒரு முழு உலாவியையே சுமந்து வருகிறது. 2 ஜிபி உள்ள பை 4 இருந்தால் நல்லது என்று ராஸ்பெரி பைக்காரர்களே சொன்னார்கள். ஸ்குவீக் என்ற மொழியில் எழுதிய பழைய ஸ்கிராட்ச் 1.4, 2012-இல் வந்த 256 எம்பி பையிலேயே ஓடியது.

உங்களுடையதைவிட எளிய கணினி, 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்ற ஓஎல்பிசி திட்டத்தில் 2007-இல் வந்த எக்ஸ்ஓ: 433 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம். அதன் சுகர் இடைமுகத்தைப் பெரும்பாலும் பைத்தானில்தான் எழுதினார்கள். ஓடுகிற செயலியின் மூலநிரலைப் பிள்ளை பார்ப்பதற்கென்றே விசைப்பலகையில் ஒரு விசை வைத்தார்கள். எனக்கு அந்த விசைமேல் பெரிய மரியாதை உண்டு. எந்த மொழியை எடுத்தாலும், உள்ளே எட்டிப் பார்க்கவும் மாற்றவும் பிள்ளைக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதனால் என் தேர்வு பைத்தான், அதிலும் ஆமையை நகர்த்திப் படம் வரையும் டர்ட்டில். 1967-இல் பிறந்த லோகோ என்ற பிள்ளைகள் மொழியின் ஆமைதான் அது. பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஃபார்வர்டுக்கு 'முன்னே', ரைட்டுக்கு 'வலம்' என்று பெயர் சூட்டி ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள். அப்புறம் பிள்ளைகள் முன்னே(100), வலம்(90) என்று எழுதிச் சதுரம் போடுவார்கள். அந்தக் கோப்பைத் திறந்து தங்கள் சொல்லையும் சேர்ப்பார்கள், அங்கேதான் நிஜமான பாடம் தொடங்குகிறது. ஃபார் (for), இஃப் (if) போன்ற மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அவையும் தமிழில் வேண்டுமென்றால் முத்து அண்ணாமலையின் 'எழில்' இருக்கிறது; அதுவும் பைத்தானின் மேல் கட்டியதுதான், கட்டற்றதுதான்.

மாலைவகுப்பு:
நன்றி அண்ணா. தோனி எடிட்டரில் போட்டுப் பார்த்தேன், சதுரம் வந்துவிட்டது! ஆனால் 'முன்னே' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

பழைய_ஆமை:
தோனியின் சாளரங்களை டிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதியிருக்கிறார்கள். லினக்சில் டிகே தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்காது. கோப்பு சரியாகவே இருக்கும், திரையில்தான் பிசகு. ஜீனி எடிட்டரில் எழுதச் சொல்லுங்கள், அதில் தமிழ் சரியாகத் தெரியும், எஃப்5 அடித்தால் ஓடும். கடைசி வரியில் டன், அதாவது done() கட்டளை போடாவிட்டால் படம் வரைந்ததும் சாளரம் மூடிக்கொள்ளும். இன்னொன்று, எந்தப் பிள்ளையும் தன் கோப்புக்கு டர்ட்டில் என்று பெயர் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் தன்னுடையதை விட்டுவிட்டு அந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளும், ஆமை வராது.