மூவ்மென்ட்டுக்கு ‘இயக்கம்’ வேண்டாமே

நண்பர்களே, கைக்கடிகாரத்துக்குள் ஓடும் ஆட்டோமேட்டிக் மூவ்மென்ட்டுக்குத் தமிழில் ‘தானியங்கி இயக்கம்’ என்று வந்த பரிந்துரையில் இரண்டு சொல்லுமே எனக்கு ஒட்டவில்லை. ‘சுவிஸ் இயக்கம்’ என்றதும் கொடி பிடித்து ஊர்வலம் போகிற ஆட்கள்தான் கண்ணில் வருகிறார்கள். கடிகாரம் பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து லென்ஸை இடுக்கிக்கொண்டு "மிஷின் நல்லா இருக்கு" என்பார் இல்லையா, அந்த மிஷின்தான் இது; ‘பொறி’ போதும்.

பெரிய சிக்கல் ‘தானியங்கி’தான். பேட்டரி போட்ட குவார்ட்ஸ் கடிகாரமும் தானாகத்தானே ஓடுகிறது? இங்கே தானாக நடப்பது ஓட்டமில்லை, சாவி ஏறுவது. கை அசைய அசைய உள்ளே அரைவட்ட எடை ஒன்று சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. சாவி கொடுப்பது என்ற வழக்கு நம்மிடம் இருக்கும்போது ‘தன்சாவிப் பொறி’ என்றால் என்ன?

ஜப்பான் பொறியையும் சுவிஸ் பொறியையும் ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் இது உறைத்தது, ஏனென்றால் சாவி ஏறும் விதத்தை எழுதாமல் ஒரு பத்தி நகரவில்லை. ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1959இல் கொண்டுவந்த மேஜிக் லீவர் என்ற சாவியேற்றும் அமைப்பில் இரண்டு கரமுள்ள ஒரு குட்டி நெம்புகோல். எடை எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு கரம் பல்சக்கரத்தை இழுக்கும், மற்றது தள்ளும், சக்கரம் ஒரே திசையில்தான் நகரும். சுவிஸ் நிறுவனமான ஈடிஏவின் 2824-2 பொறியில் அதே வேலையைத் திசைமாற்றிச் சக்கரங்கள் செய்கின்றன, எண்ணெய் சரியில்லாவிட்டால் மக்கர். ஜப்பான் பொறியான மியோட்டா 8215 ஒரு பக்கம் மட்டுமே சாவி ஏற்றும், மறுபக்கம் எடை சும்மா விர்ரென்று சுற்றுவது மணிக்கட்டிலேயே தெரியும். சீக்கோ 7எஸ்26ஐக் கையால் முறுக்கவே முடியாது, சுத்தமான தன்சாவி!

நேரத் துல்லியத்தில் 2824-2 ஒரு படி மேல்தான். துடிப்பு கூடினால் பொதுவாகப் பிசகு குறையும்; இதில் மணிக்கு 28,800 துடிப்பு, சீக்கோவின் என்ஹெச்35 பொறியில் 21,600. பின்னது நாளுக்கு 20 நொடி பிந்தலாம், 40 நொடி முந்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லிவிடுகிறார். அதற்காக நாட்டை வைத்துத் தரம் பேசவும் முடியாது: கடிகாரத் துல்லியத்துக்குத் தரும் சுவிஸ் கோஸ்க் சான்றுக்கு நாளுக்கு 4 நொடி பிந்தல், 6 நொடி முந்தல் வரை இடமுண்டு, கிராண்ட் சீக்கோவின் 9எஸ் வகைப் பொறிக்கு 3 பிந்தல், 5 முந்தல்தான்.

அப்புறம் பவர் ரிசர்வ், அதாவது முழுச் சாவி ஏறிய கடிகாரம் கழற்றி வைத்தபின் எவ்வளவு நேரம் ஓடும் என்பது. கையிருப்பு மாதிரி ‘சாவியிருப்பு’: "என்ஹெச்35இன் சாவியிருப்பு 41 மணி நேரம்." வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்குகிறதா? அந்த அரைவட்ட எடைக்கு, அதாவது ரோட்டருக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை, ‘சுழலி’யைக் காற்றாலைக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.