அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், நார்த் ஈஸ்டன் ஊரின் எய்ம்ஸ் (Ames) நூலகம்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சுழல்படி:
எல்லாரும் வாசல் வளைவைத்தான் படமெடுக்கிறார்கள். மனசை விட்டுப் போகாதது உள்ளே இருக்கிற புத்தக மண்டபம். பீப்பாயைப் பிளந்து கவிழ்த்த மாதிரி மரக்கூரை, இருபுறமும் இரண்டடுக்கில் புத்தக மாடங்கள், கடைந்த குச்சிகளால் கைப்பிடி. மண்வெட்டி செய்து சம்பாதித்த ஆலிவர் எய்ம்ஸ் 1877இல் காலமானார். அவர் நினைவாகக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சன் வரைந்தது. 1879இல் முடிந்த கட்டடம் 1883 வரை பூட்டியே கிடந்ததுதான் வேடிக்கை.

அட்டவணை_அட்டை:
அழகு சரி, புத்தகத்துக்கு ஆகாது. இப்படிப்பட்ட மண்டபங்களை அமெரிக்க நூலகர் வில்லியம் பூல் அந்தக் காலத்திலேயே வறுத்தெடுத்தார். சூடு மேலே ஏறும், மேல்மாடத்துத் தோல் அட்டை வெந்து வறளும். தொட்டால் விரலில் செந்தூள் ஒட்டும். அதன்மேல் எண்ணெய் தடவாதீர்கள், காகிதத்துக்குள் இறங்கிக் கறையாகும். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் போடுங்கள்.

சுழல்படி:
கேட்டது கட்டடம், எண்ணெய் இல்லை. பூல் திட்டியது பெருநகர நூலகங்களை. இது சின்ன ஊர். கணப்படுப்பைக் கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்டு ஒயிட் வரைந்து, சிற்பி செயின்ட் காடன்ஸ் வார்த்த எய்ம்ஸ் முகம் பதித்த ஊர்!

சாந்துக்கரண்டி:
சண்டையை விடுங்கள், கல்லைப் பாருங்கள். சுவர் மில்ஃபோர்டு கிரானைட், அதற்கு ஒன்றும் ஆகாது. வளைவிலும் ஜன்னல் ஓரத்திலும் இருக்கிற லாங்மெடோ செம்மணற்கல்தான் நோஞ்சான். இந்த ரகக் கல்லைச் சுவரில் வைத்தால் அதன் படிவு, அதாவது உள்ளடுக்கு, மட்டமாகக் கிடக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் இறங்கி, பனியில் உறைந்து, ஏடு ஏடாக உரியும். அதைவிட மோசம், கல்லுக்குக் கல் இருக்கிற இணைப்பில் சிமெண்ட் பூசுவது. சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி. ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வரும், ஓரம் பொரியும். இணைப்பைப் பழுதுபார்க்க, பழைய சாந்தைக் கையுளியால், இணைப்பின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் எடுங்கள். கிரைண்டர் கூடாது, கல் விளிம்பைத் தின்றுவிடும். நன்றாக நனைத்து, சுண்ணாம்பு 1, மணல் 3 சேர்த்து அடுக்கடுக்காகத் திணித்து, ஈரச்சாக்கு போர்த்துங்கள். பனிக்காலத்தில் தொடவே வேண்டாம்.

அட்டவணை_அட்டை:
சுழல்படி, என் எண்ணெய்க்குத் திட்டு, இவர் சாந்துக்கு மட்டும் மௌனமா?