14 ஷீட் கேஸ் ஸ்டடி போட்டும் ஒன்றும் பிடிபடவில்லை

கேள்வி – மூன்றாமாண்டு கட்டடக்கலை மாணவி

அடுத்த டிசைன் ஒரு சின்ன அருங்காட்சியகம். அதற்கு முன் கேஸ் ஸ்டடி, அதாவது ஏற்கெனவே கட்டிய ஒன்றை அலசிப் பார்ப்பது. நான் எடுத்தது கட்டடக் கலைஞர் லூயி கானின் கிம்பெல் கலை அருங்காட்சியகம் (டெக்சாஸ், 1972). சைட், பிளான், அம்புக்குறி போட்டு ஆள் நடமாட்டம், மெட்டீரியல், வெளிச்சம் என்று 14 ஷீட். ஜூரியில் (எங்கள் டிசைனை மதிப்பிடும் குழு) ஒருவர் புரட்டிவிட்டு, "இதெல்லாம் நெட்டிலேயே இருக்கிறதே, நீ என்னம்மா பார்த்தாய்?" என்றார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. கட்டடத்தை அலசுவது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

பதில் – பழைய பென்சில்

அந்த 14 ஷீட்டையும் ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு கூடத்தின் செக்‌ஷனை (கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் படம்) ட்ரேசிங் பேப்பரில் கையால் வரையுங்கள், ஸ்கேலோடு (அளவு விகிதத்தோடு).

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே செக்‌ஷனை வரைந்தேன். கூரை வளைவை இழுத்துக்கொண்டே போன பென்சில் உச்சியில் நின்றுவிட்டது. அங்கே முக்கால் மீட்டர் அகலத்துக்குக் கூரையே இல்லை. வெளிச்சத்துக்கான திறப்பு, சரி, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வளைவு என்றால் உச்சியில்தானே இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும்? அந்த இடத்தையே வெட்டி எடுத்துவிட்டால்?

அப்புறம் பிளானுக்குப் போனேன். ஒரு வளைகூரை சுமார் 30 மீட்டர் நீளம். மூலைக்கு ஒன்றாக நான்கே தூண்கள். பிறகுதான் உறைத்தது: பார்க்கத்தான் வளைவு, வேலை செய்வது நீளவாக்கில் ஓடும் பீமாக (உத்தரமாக). கான்கிரீட்டுக்குள் எஃகுக் கேபிள்களை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பொறியாளர் ஆகஸ்ட் கோமெண்டன்ட். திறப்பின் குறுக்கே இடைவெளி விட்டுச் சின்னச் சின்னக் கான்கிரீட் கட்டைகள் வேறு, இரண்டு பாதியையும் பிடித்துக்கொள்ள.

கூரை முடியும் இடத்தில் சுவருக்கும் வளைவுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு கண்ணாடிப் பட்டை போகும், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன். சுவர் அங்கே எதையும் தாங்கவில்லை, அதனால்தான் கண்ணாடி வைக்க முடிந்திருக்கிறது.

வெளிச்சத்தையும் அந்த ஒரே செக்‌ஷனில் பிடித்துவிடலாம். திறப்புக்குக் கீழே ஓட்டை போட்ட அலுமினியத் தகடு, இறக்கை மாதிரி. அது வெயிலைத் திருப்பிக் கூரையில் அடிக்கிறது. கூரையில் பட்டு வருவதுதான் ஓவியத்தின் மேல் விழுகிறது. உங்கள் ஷீட்டில் 'இயற்கை ஒளி' என்று எழுதி ஒரு மஞ்சள் அம்பு போட்டிருப்பீர்கள். நானும் போட்டவன்தான்.

பதில் – செங்கல்

மேலே சொன்னது சரி, ஆனால் எல்லாவற்றையும் ஸ்ட்ரக்சராகவே பார்க்கத் தேவையில்லை. கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரின் வால்ஸ் குளியல் கூடத்தில் (சுவிட்சர்லாந்து, 1996) நான் பார்த்தது கல் வரிசையை மட்டும். கற்கள் மூன்றே கனம்: 31, 47, 63 மில்லிமீட்டர். எந்த வரிசையில் அடுக்கினாலும் மூன்றும் இடையிலுள்ள பூச்சு மூட்டோடு சேர்ந்து 15 சென்டிமீட்டர். சுவர் தாறுமாறாகத் தெரியும், கணக்கு தப்பாது. அந்த விதியைத்தான் என் டிசைனுக்கு எடுத்துக்கொண்டேன். கல்லே இல்லாத கட்டடம் அது. உருவத்தைக் காப்பியடித்தால் ஜூரியில் ஒரே நிமிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி கேட்டவர்

செக்‌ஷன் வரைந்தேன். நான்கு மணி நேரம், இரண்டு தடவை கிழித்தேன். ஒரு சந்தேகம்: ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனிலும் உச்சியில் சுமார் 9 மீட்டருக்கு ஓட்டை. அதற்குள் கேபிள் கிடையாதே?

பதில் – பழைய பென்சில்

கிடையாது, கம்பியே இல்லாத கான்கிரீட். ஆனால் அது குவிமாடம். ஓட்டையின் விளிம்பு ஒரு முழு வளையம். சுற்றிலும் இருந்து உள்ளே நெருக்க நெருக்க அது இறுகத்தான் செய்யும். கிம்பெலில் இருப்பது நீளமான கீறல், இறுகுவதற்கு வளையம் இல்லை. இரண்டு செக்‌ஷனையும் ஒரே ஸ்கேலில் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். பாந்தியன் உள்ளே 43 மீட்டர், பெரிய தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ஷீட்டோடு ஜூரிக்குப் போங்கள்.