மறுமொழி: [கலைச்சொல்] ‘பிட்ச் லைசன்ஸ்’ – மனை உரிமமா, தரிப்பிட இசைவா?

அன்பின் குழுவினருக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் விடுமுறைக் கரவன் (caravan, கொண்டுவந்து நிறுத்தும் வீடு) வாங்கும் தமிழர்களுக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘பிட்ச்’, அதாவது ஒரு கரவன் நிற்கும் இடம், மட்டும் இன்னும் இழுபடுகிறது. அதைச் சுற்றியுள்ள மற்றச் சொற்களும் அதனோடேயே நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருளுங்கள்.

> பிட்ச் – மனை. பிட்ச் லைசன்ஸ் – மனை உரிமம். பிட்ச் ஃபீ – மனைக் கட்டணம். எளிய சொற்கள். யாரும் அகராதி புரட்ட வேண்டியதில்லை.

சென்னை ஐயாவின் முன்மொழிவு எளிமையானது என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படிப்பவர், தான் நிலம் வாங்குவதாகவே நினைப்பார். தமிழ்நாட்டில் ஒருவர் மனை வாங்கியதாகச் சொன்னால், பத்திரம் பதிந்தாயிற்றா, பட்டா மாறியதா என்று அடுத்த கேள்வி வரும். யாழ்ப்பாணத்தில் காணி என்றதும், அறுதியா ஒற்றியா என்று கேட்போம். ஸ்கெக்னஸ், இங்கோல்ட்மெல்ஸ் பக்கம் கடற்கரையோரமாக வரிசை வரிசையாக நிற்கும் கரவன்களில் ஒன்றை 60,000 பவுண் கொடுத்து வாங்குகிறவரிடம் இந்தக் கேள்விகளில் எதற்கும் பதில் இருக்காது. கரவன் அவருடையது. கீழேயுள்ள நிலத்தில் ஒரு பிடி மண்கூட அவருடையது அல்ல. ஒப்பந்தத்தில் எழுதிய ஆண்டுகள் வரைக்கும் கரவனை அங்கே நிறுத்தி வைக்கலாம், அதற்கு ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டும், அவ்வளவுதான். 10 ஆண்டோ, 15 ஆண்டோ, 20 ஆண்டோ, காலம் முடிந்தால் அனுமதியும் முடிந்தது. புதுப்பித்துக் கொடுக்க வேண்டும் என்று, கரவன்கள் நிற்கும் பார்க்கை நடத்தும் பார்க்காரரைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை.

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு பெரியவர் தன் கடதாசிகளைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் ஒழுங்காக அடுக்கி, உறையில் போட்டு வைத்திருந்தார். விலைச்சிட்டை, கரவனின் மாடல் விவரம், பார்க் விதிகள், கையெழுத்திட்ட ஒப்பந்தம். “எல்லாம் இருக்கு தம்பி, உறுதி மட்டும் இன்னும் வரேல்லை. எப்ப தருவினம்?” என்று கேட்டார். உறுதி என்று அவர் சொன்னது காணிப் பத்திரத்தை. அவருக்கு உறுதி வரப்போவதே இல்லை. இப்படிப்பட்டவர் கையில் ‘மனை உரிமம்’ என்ற சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே பிட்ச் என்பதற்கு நான் முன்வைப்பது ‘தரிப்பிடம்’. ஈழத்தில் பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம் என்று நாள்தோறும் புழங்கும் சொல். வந்தது நிற்கும், ஒருநாள் கிளம்பும் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. நிலைக்கரவனுக்கும் அதே நிலைதான். சில்லும் அடிச்சட்டமும் அதற்கு உண்டு. லொறியில் வந்து கொங்கிறீற் தளத்தில் இறங்குகிறது. காலம் முடிந்ததும் மறுபடி லொறி ஏறுகிறது.

> ‘தரிப்பு’ என்றால் எங்கள் பக்கம் கருத்தரிப்புதான் நினைவுக்கு வரும். வாசகர்கள் குழம்புவார்கள்.

கோவை நண்பரின் தயக்கம் விளங்குகிறது. ஆனாலும் ‘கால் தரிக்காமல் அலைகிறான்’ என்று இருகரையிலும் சொல்கிறோமே, அங்கே தரித்தல் என்பது நிற்பதுதான். ‘இடம்’ என்ற சொல் கூடவே வருவதால் மயக்கம் தீர்ந்துவிடும். இந்தப் பட்டியலைப் பெரும்பாலும் கையில் எடுக்கப் போகிறவர்களும் பிரித்தானியாவில் வாழும் ஈழத்தமிழர்கள்தாம். அவர்கள் காதுக்குப் பழகிய சொல்லுக்கே முதலிடம் கொடுப்போம்.

அடுத்தது ‘உரிமம்’. எனக்கு இதுதான் மனையைவிடப் பெரிய சிக்கல். ஒரே பார்க்கில் இரண்டு லைசன்ஸ்கள் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு சாதி. 1960ஆம் ஆண்டின் கரவன் தளங்கள் சட்டப்படி உள்ளூராட்சி சபை பார்க் நடத்துபவருக்குக் கொடுப்பது ஒன்று, அது அரச அதிகாரத்தில் வருவது. பார்க் நடத்துபவர் கரவன் வாங்கியவருக்குக் கொடுப்பது மற்றது, அது இரண்டு தனியாட்களுக்கிடையிலான ஒப்பந்தம். விற்பனைக்கு நிற்பவர் “எங்களிடம் 12 மாத லைசன்ஸ் இருக்கு” என்றால் எதைச் சொல்கிறார்? பெரும்பாலும் முதலாவதை. வாங்குகிறவரோ தன் கையில் வரப்போவதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார். தமிழில் இரண்டுக்கும் ‘உரிமம்’ என்று போட்டால் அதே குழப்பத்தை நாமும் செய்தவர்களாவோம். சபை கொடுப்பது ‘வளாக உரிமம்’, பார்க்காரர் கொடுப்பது ‘தரிப்பிட இசைவு’ என்று பிரிக்கலாம். ஆங்கிலச் சட்டத்தில் இவ்வகை லைசன்ஸ் என்பதன் அடிப்படையும் இசைவுதான்: இல்லாவிட்டால் அத்துமீறலாகும் ஒன்றைக் குற்றமற்றதாக்கும் சம்மதம்.

> இசைவு, குத்தகை எல்லாம் ஒன்றுதானே? காசு கட்டி இடத்தை வைத்திருக்கிறார்கள்.

டொரொன்டோ அக்கா, இது ஒன்றல்ல. குத்தகை நிலத்தின் மீது ஓர் உரித்தைத் தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். இசைவுக்கு அப்படியான பதிவு எதுவும் இல்லை. தலைப்பில் எழுதிய சொல் மட்டும் இதை முடிவு செய்துவிடாது என்பதும் உண்மை. ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்ட் வழக்கில் 1985இல், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை இதைச் சொன்னது: கடதாசியில் லைசன்ஸ் என்று எழுதியிருந்தாலும், தனிப்பட்ட கைவசமும் (மற்றவர்களை உள்ளே விடாமல் இடத்தை வைத்திருக்கும் உரிமை) குறித்த காலமும் கொடுத்து, வாடகையும் வாங்கினால் அது வாடகைக் குடிமைதான். சில பார்க்குகள் லொட்ஜுகளுக்கு (மரவீடு போலத் தோன்றும் பெரிய கரவன்கள்) உண்மையான குத்தகையே கொடுக்கின்றன. அதற்காகத்தான் ‘குத்தகை’ என்ற சொல்லை அங்கே மட்டும் வைத்திருப்போம். வாங்கப் போகிறவர் “இது இசைவா, குத்தகையா?” என்று தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் கேட்கக்கூடியவராக வேண்டும். எழுத்தில் பதில் வாங்கினால் இன்னும் நல்லது.

பார்க் என்பதற்குப் ‘பூங்கா’ வேண்டாம், ‘வளாகம்’ போதும். இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

> ‘12 மாத சீசன்’ – ‘ஆண்டு முழுவதும் வசிக்கலாம்’ என்று விளக்கம் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். ஓய்வு பெற்றவர்கள் லண்டன் வீட்டை விற்றுவிட்டுக் கடற்கரைக்குப் போகலாம் என்று கணக்குப் போடுவது இந்த ஒரு வரியை நம்பித்தான். வளாகம் ஆண்டில் எத்தனை மாதம் திறந்திருக்கலாம் என்பது திட்ட அனுமதியையும் வளாக உரிமத்தையும் பொறுத்தது. சில வளாகங்கள் 10½ மாதம், சில 11 மாதம், சில ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஆண்டு முழுவதும் திறந்திருந்தாலும் அது விடுமுறைக்கான இடம்தான். நிரந்தர வீடு வேறெங்கோ இருக்க வேண்டும். அதற்குச் சான்றாகக் கவுன்சில் வரிச் சிட்டையைக் காட்டச் சொல்லும் வளாகங்கள் பல. அங்கேயே குடியிருப்பதாகத் தெரிந்தால் அது ஒப்பந்த மீறல், இசைவையே இழக்க நேரிடும். அந்த நேரத்தில் திரும்பிப் போக வீடு இருக்காது. 1983ஆம் ஆண்டின் நகரும் வீடுகள் சட்டம் தரும் குடியிருப்புப் பாதுகாப்பு, மக்கள் நிரந்தரமாக வாழும் வளாகங்களுக்குத்தான். விடுமுறை வளாகங்களுக்கு அது பொருந்தாது.

எனவே சீசனுக்குத் ‘திறப்புக் காலம்’ என்று வைத்து, அதன் கீழே ‘வசிப்புரிமை தராது’ என்று ஒரு வரி கட்டாயம் சேர்ப்போம். ‘விடுமுறை வளாகம்’, ‘வசிப்பு வளாகம்’ என்ற இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் வேறுபாடு கண்ணில் படும். விடுமுறை ‘இல்லம்’ என்பதையும் விட்டு, ‘விடுமுறைக் கரவன்’ என்றே எழுதலாம் என்பது என் விருப்பம்.

இனிக் கொமிஷன். பட்டியலில் இப்போது ‘தரகு’ என்று இருக்கிறது. தரகு என்றால் ஆள் பிடித்து, பேரம் பேசி, விற்றுக் கொடுத்தவருக்குக் கொடுக்கும் கூலி. இங்கே கரவன்காரர் தானே விளம்பரம் போட்டு, தானே ஆளைக் கண்டுபிடித்து விற்றாலும், வளாகம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். விடுமுறை வளாகங்களில் 15 சதவீதம் வழக்கமாகக் காணப்படுவது, சில ஒப்பந்தங்களில் அதன்மேல் வற் (VAT, மதிப்புக் கூட்டு வரி) வரியும் உண்டு. 20,000 பவுணுக்கு விற்றால் 3,000 பவுண் வளாகத்துக்கு, அதற்கு 20 சதவீத வற் 600 பவுண். கைக்கு வருவது 16,400. வசிப்பு வளாகமாக இருந்தால் சட்டமே 10 சதவீதத்துக்கு மேல் விடாது.

இதற்கு அக்கா தந்த ‘கைமாற்றுக் கட்டணம்’ ஓசையில் நன்றாக இருக்கிறது. ஆனால் கைமாற்று என்றதும் அவசரத்துக்கு வாங்கும் சிறு கடன்தான் ஞாபகம் வரும். ‘விற்பனைப் பங்கு’ என்று வைக்கலாமா? வளாகம் விற்ற காசில் பங்கெடுக்கிறது என்பது சொல்லிலேயே தெரியும்.

விற்பனையோடு சேர்ந்த ‘வயதெல்லை’யையும் மறக்க வேண்டாம். கரவன் குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் வளாகத்தை விட்டு அகற்ற வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். தரிப்பிடத்தோடு விற்றால் ஒரு விலை, தரிப்பிடம் போன பிறகு வெறும் கரவனுக்கு வேறு விலை. இரண்டாவது விலையைக் கேட்டால் பலருக்கு நெஞ்சு அடைத்துவிடும். வாங்கும்போது கொடுத்த 60,000இல் பெரும்பகுதி அந்த இடத்தில் நிற்பதற்கான அனுமதியின் விலை என்பது அப்போதுதான் தெரியவரும். எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது, புதிதாக வாங்குபவருக்கு அந்த மிச்ச ஆண்டுகள் மாறுமா என்ற இரண்டையும் கேளாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

‘தரிப்புக் கட்டணம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண், ஒவ்வோர் ஆண்டும் கூடலாம், எந்த அடிப்படையில் கூட்டுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வளாகம் சபைக்குக் கட்டும் வணிக வரியின் பங்கு, தண்ணீர், மின்சாரம், காஸ், காப்புறுதி இதற்குள் அடங்குமா அல்லது தனிச் சிட்டையா என்பதற்கு ஒரு குறிப்பு போட்டால் போதும்.

‘ட்ரெய்ன் டவுன்’ என்பதற்கு ஒருவர் ‘வடிகால்’ என்று போட்டிருந்தார். வடிகால் என்பது வாய்க்கால். இது மாரிக்கு முன் செய்யும் வேலை: பிரதான தண்ணீர்க் குழாயைப் பூட்டி, எல்லாப் பைப்பும் திறந்து, கொதிகலனில் உள்ள தண்ணீரை இறக்கி, குழாய்க்குள் மிஞ்சியதைக் காற்று அடித்து வெளியேற்றி, கழிப்பறையிலும் தொட்டிகளின் வளைகுழாய்களிலும் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவது. செய்யாவிட்டால் உறைபனியில் குழாய் வெடித்து, தண்ணீர் திறந்ததும் தரையெல்லாம் ஊறிவிடும். காப்புறுதிக்காரரும் இதைச் செய்தாயிற்றா என்று கேட்பார். ‘நீர் வடிப்பு’ என்று எழுதுவோம்.

> லொட்ஜ் – மரவீடு?

இதையும் ஏற்க முடியவில்லை. மரப்பலகை அடித்து, கூரை சாய்த்து, உள்ளே இரண்டு குளியலறை வைத்திருந்தாலும் பெரும்பாலான லொட்ஜுகள் சட்டத்தின் கண்ணில் கரவன்தான். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு பகுதிகளாக வந்து பொருத்தப்பட்டாலும், நீளம் 20 மீற்றருக்கும் அகலம் 6.8 மீற்றருக்கும் உள்ளுயரம் 3.05 மீற்றருக்கும் மேற்படாமல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக்கூடியதாக இருந்தால் அது கரவன். (இந்த அளவுகள் இங்கிலாந்தில் 2006இல் கூட்டப்பட்டவை.) கொண்டுபோக முடியுமா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. எலைட்ஸ்டோன் எதிர் மொறிஸ் வழக்கில் 1997இல், கொங்கிறீற் தூண்களின் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்த ஒரு மரவீட்டை நிலத்தின் பகுதி என்று தீர்த்தார்கள், ஏனென்றால் உடைக்காமல் அதை அகற்ற முடியாது. அகற்றக்கூடியது அசையும் சொத்து. மரவீடு என்று நாம் எழுதினால் வாசிப்பவர் அசையாச் சொத்து என்று எண்ணி, வங்கியில் வீட்டுக்கடன் கேட்டுப் போவார். ‘லொட்ஜ் கரவன்’ என்று போடுவோம்.

மறுப்பு இல்லாவிட்டால் ‘தரிப்பிடம்’, ‘தரிப்பிட இசைவு’, ‘வளாக உரிமம்’, ‘திறப்புக் காலம்’ நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘விற்பனைப் பங்கு’ மட்டும் இன்னும் திறந்திருக்கட்டும். வழக்கறிஞர் நண்பர்கள் யாராவது அதைப் பங்குச்சந்தைச் சொல்லோடு மயங்குமா என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்